மலையகத்து மைதானங்கள் – 14: கவர்னர் கிண்ணமும் ரேஸ் புக்கியும்

1889ஆம் ஆண்டு இலங்கையின் சட்டநிரூபண சபை நிறைவேற்றிய கட்டளைச் சட்டங்களில் இரண்டு நமக்கு வேண்டியவை. 13ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளரைப் பற்றியது. சம்பளத்தை மாதாமாதம் கணக்கிட வேண்டும், மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் கையில் கொடுக்க வேண்டும் என்றது அது. ஆக, இரண்டு மாதச் சம்பளம் தோட்டத் துரையிடம் கிடந்தாலும் சட்டப்படி பாக்கி இல்லை.

17ஆம் இலக்கச் சட்டம் சூதாட்டத்தைப் பற்றியது. தெருவிலோ சனம் வந்துபோகும் இடத்திலோ பணம் வைத்து ஆடினால் குற்றம். சேவற்சண்டை எங்கு நடந்தாலும் குற்றம். பணம் வைத்தார்களா இல்லையா, வெளியில் நடந்ததா வீட்டுக்குப் பின்னால் நடந்ததா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. பிரிட்டிஷ் படையினர் தொடங்கிவைத்த நுவரெலியா கோல்ஃப் கிளப்பும் இதே 1889இல்தான் பிறந்தது.

சேவலை விட்டால் பொலிஸ் வரும். குதிரையை விட்டால் கவர்னர் வருவார், கிண்ணமும் கொடுப்பார். மலைநாட்டில் விளையாட்டும் பந்தயமும் பணமும் ஒன்றோடொன்று பிணைந்த கதையை இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குதிரை இந்த மலைக்கு வந்தது கோப்பிக் காலத்தில். 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் வேட்டை நாய்களையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து ஒரு சிறு ஆங்கிலக் கிராமத்தையே இங்கு நட முயன்றவர். பந்தயக் குதிரைகளை இந்தக் குளிரில் பழக்கத் தொடங்கியது அவருடைய தம்பி ஜோன் பேக்கர் என்பார்கள். சாமுவேல் 1855இல் போய்விட்டார், குதிரை போகவில்லை. கவர்னர் கிரகரி 1873இல் நுவரெலியா வாவியைக் கட்டினார். 1875இல் பந்தயத் திடல் அமைந்தது. மறு ஆண்டே ஹில் கிளப். மூன்றே ஆண்டுகளில் ஒரு பொழுதுபோக்கு நகரம் எழுந்து நின்றது.

இவை எழுந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். கோப்பி இலையில் 1869இலேயே நோய் கண்டாயிற்று. ஆனாலும் விலை நல்ல விலையாக இருந்ததால் துரைமார் கடன்பட்டுக் காடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிளப்பும் திடலும் அந்தத் தெம்பில் கட்டப்பட்டவை. 1884இல் ஓரியண்டல் வங்கி விழுந்தபோது கோப்பித் துரைமாரில் பலர் கையில் ஒன்றுமில்லாமல் ஊர் திரும்பினார்கள். பெரிய சூதாட்டம் திடலில் நடக்கவில்லை, நிலத்தில் நடந்தது என்று சொன்னால் மிகையாகாது. தோற்றவனுக்குக் கப்பல் இருந்தது. அவனிடம் வேலை செய்து மாதக்கணக்கில் சம்பளம் காணாதவனுக்கு அடுத்த தோட்டம்தான் இருந்தது, அதுவும் கடனை எழுதிய துண்டோடு. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழியும்வரை ஒரு குடும்பத்தின் கடன், ஒரு துரையிடமிருந்து இன்னொரு துரைக்குக் கைமாறியது.

ரயில் 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. தோட்டங்களுக்காகப் போட்ட பாதைதான். ஆனால் கொழும்புக் கனவான்களும் அதில் ஏறி ஏப்ரல் வெக்கைக்குத் தப்பி மேலே வந்தார்கள். இன்றும் நாம் ‘சீசன்’ என்று சொல்வது அதன் தொடர்ச்சிதான். கிளப்பில் அறை, கோல்ஃப், மலர்க் கண்காட்சி, நடனம், நடுவில் பந்தய நாட்கள். டிக்கோயா, மஸ்கெலியாத் துரைமாருக்கு டரவளையில் ஒரு கிரிக்கெட் கிளப். திம்புள்ளப் பக்கத்தாருக்கு ராதெல்லையில் ஒன்று. இவற்றின் புல்லை வெட்டியவர்களும் ரோலர் இழுத்தவர்களும் யார் என்பதை முன் அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம்.

இனி காசுக் கணக்குக்கு வருவோம். ஒரு பந்தயத் திடல் எதில் வாழ்கிறது? சந்தா போதாது. குதிரைக்குத் தீனி, லாயம், குதிரைக்காரன், ஜொக்கி, வெல்பவனுக்குப் பரிசுத் தொகை எல்லாம் பந்தயம் கட்டுகிறவன் பையிலிருந்துதான் வர வேண்டும். பந்தயப் பணம் பிடிக்கும் புக்கிக்காரனிடம் கட்டினால் லாபம் அவனுக்கு. கிளப்புக்கு லாபம் வருவது ‘டோட்’ என்ற முறையில். எல்லாருடைய பணமும் ஒரே குவியலில் விழும். அதிலிருந்து கிளப் தன் பங்கையும் அரசு தன் வரியையும் முதலில் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைத்தான் வென்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். எந்தக் குதிரை முந்தினாலும் கிளப்புக்கு நட்டம் இல்லை. நட்டப்படுகிறவர்கள் ஒருவருக்கொருவர் நட்டப்பட்டுக்கொள்கிறார்கள்; கிளப் நடுவில் நிற்கிறது.

இந்தக் குவியலை நொடிக்கு நொடி கூட்டிக் காட்டும் தானியங்கி இயந்திரம் 1913இல் நியூசிலாந்தின் ஓக்லாந்தில், எலர்ஸ்லி பந்தயத் திடலில் முதன்முதலில் வேலைக்கு வந்தது. செய்தவர் ஜோர்ஜ் ஜூலியஸ் என்ற பொறியியலாளர். அவர் அதை முதலில் தேர்தல் வாக்குகளை எண்ணத்தான் யோசித்தார்; அரசாங்கம் வேண்டாம் என்றதும் குதிரைக்குத் திருப்பிவிட்டார். வாக்கு எண்ண வேண்டிய இயந்திரம் பந்தயக் காசு எண்ணப் போனதைப் படிக்கும்போது, 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் குடியுரிமையும் வாக்கும் இழந்த நம் சனத்தின் நினைவு வருவதைத் தடுக்க முடியவில்லை. விளையாட்டுக் கழகம் ஒன்று இயந்திரத்தின் வருமானத்தில் காலம் தள்ளும் ஏற்பாடு உலகில் அங்கிருந்துதான் பரவியது என்பது என் எண்ணம்.

இலங்கையில் பந்தயக்காரருக்குச் சட்டத்தின் குடை 1930இல் கிடைத்தது. குதிரைப் பந்தயம் கட்டுவது பற்றிய அந்தக் கட்டளைச் சட்டம், எங்கே யாரிடம் கட்டலாம் என்று வரையறுத்தது. கொழும்பில் 1893இல் திறந்த கறுவாத்தோட்டத் திடல்தான் அப்போது தலைநகரின் பெருமை. இரண்டாம் உலகப் போரில் அதையே விமான ஓடுபாதையாக்கினார்கள். போர் முடிந்ததும் குதிரைகள் திரும்பின.

1956 ஏப்ரலில், நுவரெலியாவின் சீசன் மாதத்திலேயே, பண்டாரநாயக்கவின் அரசு பதவிக்கு வந்தது. பௌத்த மறுமலர்ச்சியின் அலையில் வந்த அரசு அது. கறுப்புத் தொப்பியும் தூரநோக்கியுமாகத் திடலுக்குப் போகும் கொழும்புச் சீமான்களின் பொழுதுபோக்கை அது விரும்பவில்லை. பின்வந்தவர்களுக்கும் அதில் கரிசனை இருக்கவில்லை. கறுவாத்தோட்டத்தில் குதிரை ஓட்டம் நின்றுபோயிற்று. இப்போது அங்கே ரக்பி ஆடுகிறார்கள். பழைய பார்வையாளர் மாடத்தில் கடைகள் இருக்கின்றன. ஓட்டம் மிஞ்சியது நுவரெலியாவில்தான், அதுவும் இடையில் நெடுங்காலம் ஓய்ந்து மீண்டும் எழுந்து.

இன்று அங்கே சித்திரையில் நடக்கும் ஓட்டத்தில் டோட்டின் பழைய அதிகாரம் இல்லை. விளம்பரம் தரும் கம்பனிகளின் பணம், தொப்பியலங்காரம், தொலைக்காட்சிக் கமரா, இவற்றில்தான் அது வாழ்கிறது. கிண்ணத்தின் பெயர் இன்னும் கவர்னர் கிண்ணம். குடியரசாகி அரை நூற்றாண்டு கடந்தும் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. மாகாணத்துக்கு ஆளுநர் வந்தபின் பெயருக்கு ஒரு சாக்கும் கிடைத்துவிட்டது. புத்தாண்டு லீவில் தோட்டத்துச் சனம் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வேலியோரம் நின்று பார்க்கிறது. அது ஒரு சந்தோஷம்தான். குறை சொல்லமாட்டேன்.

குதிரை நின்றதும் பந்தயமும் நின்றதா என்றால், இல்லை. இதுதான் இந்த வரலாற்றின் பெரிய வேடிக்கை. கொழும்பில் குதிரை ஓடாது. ஆனால் இங்கிலாந்துக் குதிரையின் மேல் பணம் கட்டலாம். அஸ்கொட், எப்சம், யோர்க் என்று ஒருநாளும் பார்த்திராத ஊர்களின் பெயர் கண்டியிலும் அட்டனிலும் நாவலப்பிட்டியிலும் சரளமாக வந்தது. புக்கிக் கடைக்குள் சுவரில் ரேஸ் தாள், மூலையில் வானொலி, பின்னாளில் தொலைக்காட்சி. கோடைகாலத்தில் இங்கிலாந்தில் பகல் ஒன்றரைக்கு ஓடும் குதிரை, நம் கடிகாரத்தில் மாலை ஆறுக்கு ஓடுகிறது. கொழுந்து நிறுத்து, மலையிலிருந்து இறங்கி, முகம் கழுவிவிட்டு ரோட்டுக்கு வரும் நேரம். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை; பூமி சுற்றும் கணக்கு அது. ஆனால் புக்கிக்கு அது நன்றாகவே ஒத்துவந்தது.

துரையின் சூதாட்டத்துக்கும் தொழிலாளியின் சூதாட்டத்துக்கும் 1889இன் சட்டம் வேலி போட்டது என்றேன். புக்கி வந்தபின் அந்த வேலி ஒரு பக்கத்தில் மட்டும் திறந்தது. பந்தயம் தொழிலாளியிடம் இறங்கி வந்தது, திடல் வரவில்லை. நுவரெலியாவில் பணம் கட்டிய துரைக்கு அந்தப் பணத்தில் ஒரு பங்கு புல்லாகவும் மாடமாகவும் ரோஜாப் பாத்தியாகவும் திரும்பிக் கிடைத்தது. அட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் 200 ரூபாய் கட்டுகிறவனுக்குத் திரும்பக் கிடைப்பது ஒரு துண்டுத் தாள். தோற்ற பணம் எந்த ஊர்க் கழகத்துக்கும் போவதில்லை. புக்கியின் பங்கு போக, 1988ஆம் ஆண்டின் பந்தய, சூதாட்டத் தீர்வைச் சட்டப்படி கொழும்புத் திறைசேரிக்குப் போகிறது. மொத்த வசூலில் 15 சதவீதமாக இருந்த அறவீட்டை 2025இல் 18 ஆக உயர்த்தினார்கள். அதில் ஒரு சதமும் லிந்துலைக்கோ பொகவந்தலாவைக்கோ மைதானம் என்று பெயர் எழுதி வருவதில்லை.

வீட்டுக்குள் இது என்ன செய்கிறது என்பதற்குச் சம்பளக் கணக்கைப் பார்த்தாலே போதும். நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது 2021இல், அதுவும் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350. ஒரு மாலையில் இரண்டு மூன்று குதிரையில் கட்டினால் ஒரு பேர், அதாவது ஒரு நாட்சம்பளம், போய்விடக்கூடும். அந்தப் பேரைப் போட்டது அநேகமாகக் கொழுந்து பறிக்கிற பெண். மனைவியின் சம்பளத்தைக் கணவன் கைநீட்டி வாங்குவது தோட்டங்களில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ஆய்வாளர்கள் இதை எழுதியிருக்கிறார்கள், நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். சம்பள நாளிலும் அட்வான்ஸ் நாளிலும் தவறணையைத்தான் எல்லாரும் குறை சொன்னார்கள். குடித்தவன் தள்ளாடுவது லயத்துக்கே தெரியும். ரேஸில் தோற்றவன் நேராக நடந்து வருவான். கூட்டுறவுக் கடைப் பாக்கி வந்து நிற்கும்போதுதான் வீட்டுக்குத் தெரியும். தொழிற்சங்க மேடைகளில் சாராயத்துக்கு எதிராகப் பேசிய பேச்சில் பத்தில் ஒன்று புக்கிக்கு எதிராகப் பேசியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

லொத்தர் கொஞ்சம் வேறு. தேசிய லொத்தர் சபை 1963இலிருந்து இருக்கிறது. அபிவிருத்தி லொத்தர் 1983இல் வந்தது. மகாபொல புலமைப்பரிசில் நிதியம் 1981இல் லலித் அத்துலத்முதலி தொடங்கியது. அதற்கு லொத்தர் வருமானத்திலிருந்து பங்கு போகிறது. தலவாக்கலையில் அப்பா கிழித்துப் போட்ட சீட்டுக் காசு, பேராதனையில் படிக்கும் மகளின் கையில் மாதப் பணமாக வந்து சேரலாம். தமிழ்நாட்டில் அண்ணாவின் அரசு 1968இல் பரிசுச் சீட்டு தொடங்கியபோது ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்றார்கள். அழகான வாசகம். ஆனால் வாங்குகிறவன் ஏழை, பிள்ளையும் ஏழை என்றால் நாடு என்ன கொடுக்கிறது? ஒரு சட்டைப்பையிலிருந்து எடுத்து மறு சட்டைப்பையில் போடுகிறது, நடுவில் கமிஷன் கழித்துக்கொண்டு. தமிழ்நாடு 2003இல் லொத்தரை முற்றாக நிறுத்தியது.

குதிரையை நிறுத்தத் தமிழ்நாடு அதற்கு முன்பே முயன்றிருக்கிறது. 1974இல் கருணாநிதி அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், குதிரைப் பந்தயம் திறமையின் ஆட்டம், சூதாட்டம் ஆகாது என்று 1996இல் தீர்ப்பானது. கிண்டியும் ஊட்டியும் தப்பின. ஊட்டி நமக்கு அந்நியமான இடமில்லை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிய நம் உறவுகளுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அந்த நீலகிரியில்தான் இருக்கின்றன. ஒரு மலையில் வேலியோரம் நின்று குதிரை பார்த்தவர்கள், கடல் தாண்டி இன்னொரு மலைக்குப் போய் அங்கும் ஒரு பந்தயத் திடலைக் கண்டார்கள். அந்தத் திடலைத்தான் 2024 ஜூனில், பல நூறு கோடி ரூபாய் குத்தகைப் பாக்கிக்காகத் தமிழக அரசு பூட்டி முத்திரையிட்டு 52 ஏக்கரையும் எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கர். இருபது ஆண்டுகளுக்கு மேல் சூதாட்டமா திறமையா என்று வாதாடியதில் அசையாத திடல், நிலவாடகை என்று கேட்டதும் அசைந்துவிட்டது.

அவுஸ்திரேலியாவுக்கும் ஒரு நடை போய்வர வேண்டும். நம்மவர்களுக்கு அங்கே சொந்தபந்தம் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கழகங்களுக்குள் காசு போட்டு ஆடும் போக்கர் இயந்திரம் வைப்பதைச் சட்டபூர்வமாக்கியது 1956இல். இங்கே குதிரைக்குக் கெட்ட காலம் தொடங்கிய அதே ஆண்டு. ரக்பிக் கழகங்களும் பழைய படைவீரர் கழகங்களும் அந்த இயந்திரங்களால் கொழுத்தன. சிட்னியின் மேற்குப் புறநகரில் நம் தமிழ்ப் பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்து நடக்கும் மண்டபமும், பக்கத்தில் பந்தடிக்கும் பச்சைப் புல்லும், வயோதிபருக்கான மலிவு மதியச் சாப்பாடும் அந்த வருமானத்தில் நிற்பவை. வரிச் சலுகைக்கு ஈடாகக் கழகங்கள் ஊருக்கு நன்கொடை கொடுக்கும் திட்டமும் அங்கே உண்டு.

அந்தப் பணம் யாருடையது? அவுஸ்திரேலியாவின் உற்பத்தித்திறன் ஆணைக்குழு 2010இல் ஒரு மதிப்பீடு சொன்னது: இயந்திரங்களில் மக்கள் இழக்கும் பணத்தில் சுமார் 40 சதவீதம், சூதாட்டத்தால் வாழ்க்கை சிக்கலாகிப்போனவர்களிடமிருந்து வருகிறது. சிறுவர் அணியின் காலணியை வாங்கிக் கொடுத்தது ஊரின் தாராளம் என்று நினைத்திருந்தோம். பாதிக்குச் சற்றுக் குறைவாக, அது அடிமைப்பட்டவனின் வீட்டு வாடகை. மெல்பர்னில் நோர்த் மெல்பர்ன் கால்பந்துக் கழகம் 2008இல் இயந்திரத்தைக் கைவிட்டது. பின்தொடர்ந்தவர்கள் உண்டு. ஆனால் ஒருமுறை மண்டபத்தையும் சம்பளப் பட்டியலையும் இயந்திரத்தின் அளவுக்குப் பெருக்கிவிட்ட கழகம், அது இல்லாமல் சுருங்கச் சம்மதிப்பது அபூர்வம். இயந்திரத்துக்கு எதிராகச் சட்டம் வரும்போதெல்லாம் முதலில் எதிர்த்து நிற்பதும் கழகங்கள்தான்.

இதை இங்கே நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2025இல் நம் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குறுத்துகை அதிகாரசபைக்கான சட்டத்தை நிறைவேற்றியது. 1889இன் சூதாட்டச் சட்டம், 1930இன் பந்தயச் சட்டம், 2010இன் கசினோச் சட்டம் மூன்றையும் நீக்கி, எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவரும் ஏற்பாடு. 136 வயதான சேவற்சண்டைச் சட்டத்துக்கு இவ்வளவு நாள் ஆயுள் இருந்ததே ஆச்சரியம். தீர்வை பெருகும்போது, அதில் ஒரு துளியைத் தோட்டப்புற விளையாட்டுக்கு ஒதுக்கினால் என்ன என்று யாராவது கேட்கத்தான் போகிறார்கள். கேட்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்பார்கள். அட்டன் டன்பார் மைதானத்திலோ நுவரெலியா சினிசிட்டாவிலோ ஒரு சுற்றுப்போட்டி வைக்க நம் இளைஞர் கழகங்கள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே தோன்றும். அணிக்கு நுழைவுக் கட்டணம், நகரக் கடைக்காரரிடம் கிண்ணம், அரசியல்வாதியிடம் ஜேர்சி, வெளிநாட்டில் இருக்கும் அண்ணனிடம் பந்து. எல்லாம் சேர்ந்தும் ஒலிபெருக்கி வாடகைக்குத் துண்டு விழும்.

என்றாலும் என் பதில் வேண்டாம் என்பதே. புக்கியின் காசில் வலை கட்டிய கழகம், புக்கி வாசலில் நிற்கும் தன் விளையாட்டு வீரனை வீட்டுக்குப் போ என்று சொல்லாது. லயத்தில் இன்று இந்த விஷயத்தில் அதட்டிப் பேசக்கூடிய இடங்கள் இரண்டே: கோயில் கமிட்டி, விளையாட்டுக் கழகம். இரண்டில் ஒன்றை விற்றுவிட்டுப் புல் வாங்க வேண்டியதில்லை.

அதுவுமன்றி, நம் கழகங்களுக்குப் பெரிய முடை காசு அல்ல, நிலம். காமன் கூத்து நடக்கும் இடத்திலேயே பந்தடித்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அந்த இடமும் தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு கம்பம் நடத் துரையிடம் கடிதம் கொடுக்க வேண்டும். ஓர் ஏக்கரைச் சமப்படுத்திக் கேட்டால் தேயிலை பிடுங்கவா என்பார்கள், தேயிலை இல்லாத தரிசைக் காட்டினால் குத்தகை நிபந்தனை என்பார்கள். அந்த நிபந்தனைகள் எழுதப்பட்டது 1992இல், அரசு தோட்டங்களைப் பிராந்தியக் கம்பனிகளின் கையில் கொடுத்தபோது. கையெழுத்தானவற்றில் மைதானம் பற்றி என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.